"அது ஒண்டும் செய்யாது"

எங்கள் ஊர் ஒழுங்கைகளால் நடந்து போகிற எந்தப் பெண்ணும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பாள். நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்து எங்களுடைய சீலைக் கரையை முகர்ந்துகொண்டு நிற்கும். வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தபடியே, "பயப்பிடாதேங்கோ, அது ஒண்டும் செய்யாது" என்பார். அவருக்கு அது ஒன்றும் செய்யாதுதான். சோறு வைக்கிற கையை எந்த நாய் கடிக்கும்?

நாய்த் தொல்லை என்றவுடன் எல்லோரும் கட்டாக்காலி நாய்களைத்தான் சொல்வார்கள். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் திரிகிற அந்த நாய்கள் பெரும்பாலும் ஆட்களுக்கு ஒதுங்கிப் பழகியவை. கல்லும் தடியும் வாங்கி வளர்ந்ததால் மனிதரைக் கண்டால் விலகி நடக்கும். எங்களை மறிப்பது வேறு நாய். அதற்குப் பெயர் இருக்கிறது, சோற்றுச் சட்டி இருக்கிறது, சொந்தக்காரரும் இருக்கிறார். இல்லாதது ஒரு பூட்டிய படலை மட்டுந்தான். படலை திறந்து கிடந்தால் வளவுக்கும் வீதிக்கும் எல்லை எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? ஒழுங்கை முழுவதும் தன்னுடைய காவலுக்கு உட்பட்டது என்றே அது நினைத்துக்கொள்ளும்.

விடிய ஐந்து மணிக்கு எங்கள் வீதியில் யார் யார் நடக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகள். பால் சேகரிக்கும் இடத்துக்குப் போத்தல்களோடு போகிற அம்மாமார். ரியூசனுக்குப் போகிற மாணவிகள். அதற்குப் பிறகு என்னைப் போன்ற சீனி வருத்தக்காரர். கிளினிக்கில் டாக்டர், "மருந்து பாதி, நடை பாதி. நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் கட்டாயம் நடக்க வேணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை.

நான் இருப்பது கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் ஓடுகிற ஒரு கிராமத்தில். 2009 இல் இடது தொடையில் ஷெல் துண்டு பட்டது. அதில் ஒரு பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதனால் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பேன். எனக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிற தங்கச்சி ஒருத்தி பொய்க்கால் போட்டு ஊன்றுதடியோடு நடப்பவள். எங்கள் இருவரையும் கண்டால் நாய்களுக்கு ஆகாது. வழமையான நடை எப்படி இருக்கும் என்பது நாய்க்கு நன்றாகத் தெரியும். இழுத்து நடப்பதும், தடி தட்டுகிற சத்தமும், தலையில் சுமையோடு வருகிற உருவமும் அதற்குப் புதுமை. புதுமை என்றால் சந்தேகம். ஆகவே யாருக்கு ஓட முடியாதோ அவர்களைப் பார்த்துத்தான் அது முதலில் குரைக்கிறது.

ஒரு மண்ணிற நாய் மூன்று நாள் தொடர்ந்து என்னை மறித்தது. அதன் பிறகு நான் வீதியை விட்டு என் வளவுக்குள்ளேயே கிணற்றைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். பால் கொடுக்கப் போகிற ஒரு அம்மா அந்த ஒழுங்கையைத் தவிர்த்து ஒரு கட்டை தூரம் சுற்றிப் போகிறார் என்று பிறகுதான் அறிந்தேன். இன்னொரு வீட்டில் பிள்ளை பின்னேர ரியூசனை நிறுத்திவிட்டாள். தாய் கேட்டதற்குத் தலையிடி என்று சொன்னாளாம். நாய் என்று சொல்ல வெட்கம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான் இந்தக் கதையை எடுத்தபோது ஒரு அக்கா சிரித்தார். "ரீச்சர், நாங்கள் ஷெல்லுக்குள்ளாலை வந்த ஆக்கள். நாய்க்குப் பயமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. பெரிய பயத்தைக் கடந்தவளுக்குச் சின்னப் பயம் வராது என்று ஒரு கணக்கும் இல்லை. திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் எங்களில் பலருக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது, கை குளிர்கிறது. இரவில் நாய் குரைத்தால் "ஆரோ வருகினம்" என்று எழுந்து இருந்த காலம் உடம்பில் இருந்து இன்னும் போகவில்லை. அது கோழைத்தனம் அல்ல. அன்று சிரித்த அக்காவே கூட்டம் முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து, தானும் அந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவதாகச் சொன்னார்.

வீதியில் நாய் வந்து நின்றால் என்ன செய்வது?

முதலாவது, ஓடக்கூடாது. ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் இயல்பு. நாங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது எங்களை முந்தும். நின்றுவிட வேண்டும். நேருக்கு நேர் நிற்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பது நல்லது. கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக்கூடாது. நாயின் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு. ஆனால் நாய் எங்கே நிற்கிறது என்பதைக் கடைக்கண்ணால் கவனித்துக்கொள்ள வேண்டும். கத்துவதும் கையை வீசுவதும் அதை இன்னும் உசுப்பிவிடும். பல நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்பாட்டில் திரும்பிப் போய்விடும். போகாவிட்டால், முதுகைக் காட்டாமல் அடிமேல் அடி வைத்துப் பின்வாங்க வேண்டும். நாய்க்கு முக்கியம் அந்தப் படலை. நாங்கள் அதிலிருந்து விலக விலக அதன் கோபமும் குறையும்.

கையில் இருப்பதை நடுவில் பிடியுங்கள். குடை, பை, பால் போத்தல் கூடை எதுவானாலும் சரி. நாய் கடிப்பதற்கு எதையாவது தேடினால் அது பையைக் கடிக்கட்டும். சைக்கிளில் வருபவர்கள் வேகமாக மிதித்துத் தப்பப் பார்ப்பார்கள். அப்படி மிதித்து விழுந்து கை முறிந்தவர்களை எனக்குத் தெரியும். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து உருட்டிக்கொண்டு போவதே பாதுகாப்பு. ஊன்றுதடி உள்ளவர்கள் அதை ஓங்காமல் முன்னால் ஊன்றியபடி நிற்கலாம்.

குனிந்து கல் எடுப்பது போலப் பாசாங்கு செய்வது எங்கள் ஊர்ப் பழைய உபாயம். கட்டாக்காலி நாய்க்கு அது பலிக்கும். வீட்டு நாய், அதுவும் தன் படலையில் நிற்கிற நாய், அதற்குப் பயப்படும் என்று நிச்சயமில்லை. குனிகிறபோது எங்கள் முகம் அதன் வாய்க்குக் கிட்டப் போகிறது. உண்மையாகவே கல்லால் எறிந்துவிட்டாலோ பிரச்சினை நாயோடு நிற்காது, வேலிச் சண்டையாகிவிடும். பிஸ்கற் போட்டுப் பழக்கலாம் என்பாரும் உண்டு. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டால் நல்லது. அவர் இல்லாத நேரம் நீட்டுகிற கைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சில நாய்களிடம் கிட்டப் போகவே கூடாது. குட்டி ஈன்ற நாய், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நாய், பெட்டை நாயின் பின்னால் கூட்டமாகத் திரிகிற கடுவன்கள். தனியே சாதுவாக நிற்கிற நாயும் கூட்டத்தில் சேர்ந்தால் வேறு நாய். அப்படிக் கூட்டத்தைத் தூரத்தில் கண்டால் திரும்பி வேறு வழியால் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. விழுத்திவிட்டால், குப்புறச் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, இரண்டு கையாலும் கழுத்தின் பின்புறத்தையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நான் முன்பள்ளியில் இதை "ஆமை விளையாட்டு" என்று பழக்குகிறேன். சிறு பிள்ளைகளின் உயரத்துக்கு நாய் கடித்தால் தலையிலும் முகத்திலும்தான் கடிபடும்.

கடித்துவிட்டால்

கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், ஏற்கெனவே உள்ள புண்ணில் நாய் நக்கினாலும் கவனம் ஒன்றுதான். விசர்நாய்க்கடி நோயின் கிருமி நாயின் எச்சிலில் இருந்து வருகிறது. உடனே ஓடுகிற தண்ணீரிலோ வாளியால் அள்ளி ஊற்றியோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், கோப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று கேள்விப்பட்டுப் பயந்து போகாமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது போடுவது சில ஊசிகள், அதுவும் கையில். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தந்த திகதிகளில் ஒன்றையும் தவறவிடக்கூடாது. வேலைக்கு லீவு கிடைக்கவில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்துவது ஆபத்து. நோயின் குறிகள் பெரும்பாலும் 1 மாதத்துக்கும் 3 மாதத்துக்கும் இடையில் தோன்றும். சிலருக்கு ஒரு வருடம் கடந்தும் வரலாம். வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுவது எங்கள் ஊரில் சாதாரணம். அது தவறான காரியம் என்பதோடு எங்களுக்கே நட்டமும். கடித்த நாயைக் கட்டி வைத்து 14 நாள் அவதானிக்க வேண்டும். அது சுகமாக இருந்தால் வைத்தியருக்கு அது ஒரு பெரிய தகவல். இடையில் செத்தாலோ குணம் மாறினாலோ உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, அதாவது பி.எச்.ஐ.க்கு, அறிவிக்க வேண்டும். செத்த நாயின் தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப அவர் ஏற்பாடு செய்வார். ஆனால் பதினான்கு நாள் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு அவதானிப்பு. நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருந்தால் சொந்தக்காரரிடம் வாங்கிக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் நாயைப் பற்றியது. எனக்குக் கஷ்டமாக இருந்தது நாய் அல்ல, நாயின் வீட்டுக்குப் போய்க் கதைப்பது.

அந்த மண்ணிற நாய் நிற்கிற வளவில் இருப்பவர் கணவனை இழந்த ஒரு அக்கா. இரண்டு பெண்பிள்ளைகள். பகல் பத்து மணிபோல், நாய் நிழலில் படுக்கிற நேரம் பார்த்துப் போனேன். வீதியில் நின்று சத்தம் போட்டால் அவரும் சத்தம்தான் போடுவார். ஆகவே படலையில் நின்று, "அக்கா, நாயை ஒருக்காப் பிடியுங்கோ, உங்களோடை கதைக்க வேணும்" என்றேன். தேத்தண்ணி தந்தார். நான் நாயைக் குறை சொல்லவில்லை. என் காலைக் காட்டினேன், கிளினிக் கொப்பியைக் காட்டினேன். பிறகு, "விடிய ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையிலை மட்டும் கட்டி வைக்க ஏலுமோ?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரீச்சர், நாங்கள் 2010 இலை இங்கை வந்து இறங்கேக்கை ஒரு தகரக் கொட்டில்தான். கதவு எண்டு ஒண்டுமில்லை. ஒரு சாக்குத்தான் தொங்கினது. ரெண்டு குமர்ப்பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் படுத்த பாடு எனக்குத்தான் தெரியும். அப்ப ஒரு நாய்க்குட்டி வந்து சேந்தது. அதின்ரை குட்டிதான் இது. இதைக் கட்டினால் எனக்கு நித்திரை வராது."

அவருடைய வீட்டில் இப்போது கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆனாலும் நித்திரை வருவது நாயால்தான். நான் என்ன சொல்ல முடியும்? பெண் தனியே தலைமை தாங்கும் குடும்பங்கள் இருக்கிற ஊரில் நாய் என்பது செல்லப்பிராணி அல்ல, அது ஒரு பாதுகாப்பு. அந்த அக்காவின் பயமும் என் பயமும் ஒரே சண்டையில் இருந்து வந்தவை. அவர் பயத்துக்குக் காவல் வைத்தார், அந்தக் காவல் என்னை மறித்தது. இதில் யாரையாவது குற்றவாளியாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வீதி எல்லோருக்கும் பொது என்பதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "இரவிலை அவிட்டு விடுங்கோ அக்கா, அது உங்கடை உரிமை. ஆனால் வளவுக்குள்ளை நிக்கட்டும்" என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வேலிதான் இடைஞ்சல். மூன்று இடத்தில் பெரிய பொட்டு, படலைக்குக் கொளுக்கி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர் போய் அந்தப் பொட்டுகளை அடைத்தோம். பூவரசங் கதியால் ஒருவர் வளவில் இருந்து வெட்டினோம், பழைய முட்கம்பி இன்னொருவர் தந்தார். கொளுக்கிக்கு மட்டுந்தான் காசு. கட்டுகிற நேரத்துக்கு இன்னொரு உபாயமும் செய்தோம். இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டிவிட்டோம். நாய் கம்பி நீளத்துக்கு அங்கும் இங்கும் ஓடும், ஆனால் வேலியைத் தாண்டாது. கட்டையில் குறுக்கிக் கட்டிப் போட்ட நாய் நாள் செல்லச் செல்ல மூர்க்கமாகும். அவிழ்ந்த அன்றைக்கு அது கடிக்காமல் என்ன செய்யும்? நிழலும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில் கம்பி இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லா வீட்டிலும் இப்படித் தேத்தண்ணியோடு முடியவில்லை. ஒரு கடைக்காரர், "பயமெண்டால் வீட்டிலை இருங்கோ" என்று சொன்னார். அப்படிச் சொல்பவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901 ஆம் ஆண்டில் இருந்து உள்ளது. பிரதேச சபையில் வருடா வருடம் பதிய வேண்டும். தன் வசமுள்ள மிருகத்தால் பிறருக்கு ஆபத்து வராமல் தகுந்த கவனம் எடுக்காமல் விடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றம். பொலிஸுக்குப் போக எங்களில் பலருக்கு மனம் வராது, அது எனக்கு விளங்குகிறது. பி.எச்.ஐ.யிடம் சொல்லலாம். 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இப்படியான அயல் பிணக்குகளைச் செலவில்லாமல் விசாரிக்கின்றன. தனியே போகாமல் பாதிக்கப்பட்ட மூன்று நான்கு பேர் சேர்ந்து, எந்தத் திகதி, எத்தனை மணி, என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருங்கும். கடைக்காரரிடம் பி.எச்.ஐ. ஒருமுறை வந்து போனார். அதன் பிறகு கடை திறக்கிற நேரம் இரண்டு நாய்களும் சங்கிலியில்.

நஞ்சு வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் கடுமையாக எதிர்த்தேன். அந்த இறைச்சித் துண்டைக் காகம் தூக்கிக் கிணற்றடியில் போடும், தவழ்கிற பிள்ளை எடுக்கும். மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டமும் 1907 இல் இருந்தே இருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை அரசாங்கம் 2006 இல் கைவிட்டது. அதற்குப் பதிலாக ஊசி போடுவதும் கருத்தடை செய்வதும்தான் வழி. பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் அதன் பின்னால் கடுவன் கூட்டம் வருவதும் நின்றுபோகும்.

சென்ற முறை பாடசாலை வளவில் நாய்களுக்கு ஊசி போட வந்தபோது அந்த அக்கா மண்ணிற நாயைக் கொண்டுவந்திருந்தார். என்னைக் கண்டதும் அது குரைத்தது. இப்போதும் குரைக்கிறது, வேலிக்கு உள்ளே இருந்து. நான் வாய்க்கால் துருசு வரைக்கும் போய்த் திரும்புகிறேன், முக்கால் மணித்தியாலம் எடுக்கிறது. ரியூசன் பிள்ளையும் அந்த வழியால்தான் போகிறாள். துருசுக்கு முன்னால் இருக்கிற இரண்டு வளவுகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அந்தத் துண்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் நடக்கிறோம், ஒருவர் கையில் குடை இருக்கும். ஒரு வீட்டுக்காரர் அறுவடை முடியட்டும், வேலி அடைப்பம் என்று சொல்லியிருக்கிறார். மற்ற வீட்டுக்கு வாற கிழமை போவதாக இருக்கிறோம்.